ஒரு பாக்கெட்டுக்கு எவ்வளவு தண்ணி?

கொஞ்சம் நீளமான பதிவு இது. வீட்டுல அஞ்சு வயசுக்குள்ள குழந்தை இருந்தா பொறுமையா கடைசி வரை படிங்க. இல்லைன்னா குழந்தை இருக்கிற வீட்டுக்கு அனுப்பி வைங்க.

இந்த வாரம் என் கிளினிக்குக்கு வந்த குழந்தைகளில் பாதிப் பேருக்கு வயித்துப்போக்கு. வர்ற ஒவ்வொரு அம்மாகிட்டயும் முதல்ல கேட்பேன்: "ஓஆர்எஸ் குடுத்தீங்களாம்மா?" எல்லாருமே "குடுத்தோம் சார்"னு சொல்லிடுவாங்க. சந்தோஷம். அடுத்த கேள்வி: "ஒரு பாக்கெட்டை எவ்வளவு தண்ணில கலந்தீங்க?"

அங்கதான் அமைதியாகிடும். ஒருத்தர் "ஒரு டம்ளர்ல" என்பார். ஒருத்தர் "பாக்கெட்டைப் பிரிச்சு வச்சு, அப்பப்ப ஒரு ஸ்பூன் தூளை எடுத்து பால் பாட்டில்ல போட்டுக் குடுத்தேன்" என்பார். போன மாசம் ஒரு அப்பா, ஐடி கம்பெனியில் நல்ல வேலையில் இருக்கிறவர், "பால்ல கலந்தா டேஸ்ட்டா இருக்கும்னு பால்ல கலந்தோம் டாக்டர்" என்றார். படிப்புக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. யாரும் சொல்லித் தரலை, அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியை நான் விடாம கேட்கிறதுக்கு ஒரு காரணம் இருக்கு. இதுவரை இதை எங்கேயும் எழுதினதில்லை.

அப்போ நான் ஹவுஸ் சர்ஜன். ஒரு அரசு மருத்துவமனையில் குழந்தைகள் ஓபி போஸ்டிங். மே மாசம். காலை எட்டு மணிக்கே வரிசை வராண்டாவைத் தாண்டி வேப்பமரம் வரைக்கும் போயிடும். பாதிக் குழந்தைகள் பேதி, மீதி காய்ச்சல். மேஜை மேலேயே ஒரு அட்டைப் பெட்டி நிறைய ஓஆர்எஸ் பாக்கெட் இருக்கும். பார்க்கிறது, நீர்ச்சத்து குறைஞ்சிருக்கானு தோலைக் கிள்ளிப் பார்க்கிறது, சீட்டில் எழுதுறது, மூணு பாக்கெட் எடுத்துக் கையில குடுக்கிறது, "தண்ணில கலந்து அடிக்கடி குடுங்க, அடுத்தது யாரு?" ஒரு குழந்தைக்கு ரெண்டு நிமிஷம்கூட ஆகாது.

அப்படிப் பார்த்துவிட்ட ஒரு குழந்தை, ஒன்பது மாசப் பெண் குழந்தை, அடுத்த நாள் சாயங்காலம் வலிப்போட திரும்பி வந்தது.

நான் அன்னைக்கு வார்டில் இருந்தேன். குழந்தை வீல் வீல்னு ஒரு மாதிரி கிறீச்சிட்டு அழுதது. வழக்கமா நீர்ச்சத்து வத்தின குழந்தை துவண்டு கிடக்கும். இது அப்படி இல்லை, தொட்டாலே துடிச்சது. தண்ணியைப் பார்த்தா பாய்ஞ்சு குடிச்சது. வயித்துத் தோலைக் கிள்ளினா பிசைஞ்ச மைதா மாவு மாதிரி இருந்தது. பணியில் இருந்த பிஜி அக்கா தோலைத் தொட்ட உடனே முகம் மாறிட்டாங்க. ரத்தத்தை சோடியம் பார்க்க அனுப்பிட்டு, அந்த அம்மாகிட்ட நான் இப்போ எல்லார்கிட்டயும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டாங்க. "ஓஆர்எஸ் எவ்வளவு தண்ணில கலந்தீங்க?"

அந்தப் பொண்ணுக்கு இருபது வயசு இருக்கும். பையில் இருந்து பால் பாட்டிலை எடுத்துக் காட்டினாங்க. "இது நிறைய தண்ணி ஊத்தி ஒரு பாக்கெட் போட்டேன் மேடம். நல்லா தாகமா குடிச்சா. முடிஞ்ச உடனே அடுத்த பாக்கெட் போட்டுக் குடுத்தேன். மூணும் முடிஞ்சிருச்சு."

அது 200 மில்லி பாட்டில். பாக்கெட் ஒரு லிட்டர் பாக்கெட்.

சோடியம் 174 வந்தது. இருக்க வேண்டியது 135ல் இருந்து 145க்குள்.

அக்கா ஓபி சீட்டைத் திருப்பினாங்க. என் கையெழுத்து. "ஓஆர்எஸ் 3 பாக்கெட்." அளவைப் பத்தி ஒரு வார்த்தை இல்லை. "நீயா பார்த்த?"ன்னு மட்டும் கேட்டாங்க. திட்டலை. திட்டியிருந்தா கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

என்ன நடந்ததுனு புரியணும்னா ஓஆர்எஸ் எப்படி வேலை செய்யுதுனு கொஞ்சம் தெரிஞ்சுக்கணும்.

நம்ம சிறுகுடல் சுவரில் ஒரு கதவு இருக்கு. அது சர்க்கரைக்கும் உப்புக்கும் சேர்ந்த கதவு. குளுக்கோஸ் வந்தா சோடியத்தையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு உள்ளே போகும். ரெண்டும் உள்ளே போனா தண்ணி தானா பின்னாலேயே போகும். 1960ல் ராபர்ட் கிரேன் என்ற விஞ்ஞானி இந்த ஜோடிக் கதவைப் பத்தி பிராக் நகரத்தில் நடந்த ஒரு மாநாட்டில் சொன்னார். இதில் அதிசயம் என்னன்னா, காலரா வந்து குடல் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி தண்ணியை வெளியே கொட்டிக்கிட்டு இருக்கும்போதும் இந்தக் கதவு மட்டும் வேலை செய்யும். அதனாலதான் போகப் போகக் குடுத்தாலும் உள்ளே நிற்கும்.

ஆனா கதவு திறக்க அளவு வேணும். இப்போ நம்ம வாங்குற உலக சுகாதார நிறுவன ஓஆர்எஸ் பாக்கெட்டில் மொத்தமே 20.5 கிராம் தூள். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாப்பாட்டு உப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட். இது சரியா ஒரு லிட்டர் தண்ணிக்கு. அதே தூளை ஒரு டம்ளர் தண்ணியில் போட்டா அஞ்சு மடங்கு கெட்டியான உப்புக் கரைசல். குடலுக்குள் போய் உடம்பில் இருக்கிற தண்ணியையும் இழுத்து வெளியே விடும், உப்பை மட்டும் ரத்தத்தில் ஏத்தும். குழந்தைக்குத் தாகம் எடுக்கும். இன்னும் குடிக்கும். "நல்லா குடிக்கிறா"ன்னு அம்மா சந்தோஷப்பட்டு அடுத்த பாட்டிலைக் கலப்பாங்க. மூளையில் இருக்கிற தண்ணியும் வத்த ஆரம்பிக்கும். வலிப்பு அங்கிருந்து வர்றது.

இதைச் சரி பண்றதும் லேசு இல்லை. ஏறின சோடியத்தை அவசரப்பட்டு இறக்கினா மூளை வீங்கிடும். சொட்டுச் சொட்டா, ரெண்டு மூணு நாள் எடுத்து இறக்கணும். அந்த மூணு நாளும் நான் வீட்டுக்குப் போகலை. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம் எடுத்து லேபுக்கு நானே தூக்கிட்டு ஓடினேன். ரெண்டாவது நாள் வலிப்பு நின்னது. நாலாவது நாள் குழந்தை அம்மா மார்பைத் தேடிப் பால் குடிச்சது.

அந்த நாலாவது நாள்தான் நான் அந்த அம்மாகிட்ட உண்மையைச் சொன்னேன். அதுவரை வார்டில் எல்லாரும், ஆயாம்மா உட்பட, அந்தப் பொண்ணைத்தான் பேசிக்கிட்டு இருந்தாங்க. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு இதுகூடத் தெரியல." மாமியார் வராண்டாவில் உட்கார்ந்து ஊருக்கே சொல்லிக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்தில் நின்னு சலைன் பாட்டிலை மாத்திக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தேன். மூணு நாள் வாயைத் திறக்கலை. அது எனக்கு இன்னைக்கும் உறுத்துது.

சொன்னேன். "நான்தான்மா ஒரு லிட்டர்னு சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு." அந்தப் பொண்ணு கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "நான் பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன் சார். பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தேன். எல்லாம் இங்கிலீஷ்ல பொடிப்பொடியா இருந்துச்சு" என்றாங்க. பெட்டியில் இருந்து ஒரு பாக்கெட்டை எடுத்துப் பார்த்தேன். உண்மைதான். தமிழில் ஒரு எழுத்து இல்லை. அத்தனை மாசம் கையால் எடுத்து எடுத்துக் குடுத்திருக்கேன், ஒரு நாள்கூட நான் திருப்பிப் பார்த்ததில்லை.

மாமியாரையும் கூப்பிட்டு சொன்னேன். அவங்க என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். குழந்தை பன்னிரண்டாவது நாள் வீட்டுக்குப் போச்சு. ஒன்றரை வயசில் ஒரு தடவை செக்கப்புக்கு வந்தப்போ நடந்துச்சு, "தாத்தா" சொல்லுச்சு. அதுக்கப்புறம் வரலை.

ஓஆர்எஸ் ஆபத்தானதுனு யாரும் இதிலிருந்து எடுத்துக்காதீங்க. இது மாதிரி உயிர் காத்த மருந்து குழந்தை வைத்தியத்தில் ரொம்பக் கம்மி.

1971. வங்கதேச விடுதலைப் போர். லட்சக்கணக்கான அகதிகள் மேற்கு வங்காள எல்லைக்குள் வந்தாங்க. முகாம்களில் காலரா. பொங்காவ் என்ற எல்லை ஊர் ஆஸ்பத்திரியில் ரெண்டு அறை, பதினாறு படுக்கை. தரையெல்லாம் நோயாளிகள். கொல்கத்தாவில் இருந்து போன திலீப் மஹலனாபிஸ் என்ற டாக்டர்கிட்ட இருந்த சலைன் பாட்டில்கள் தீர்ந்துகிட்டு வந்தது. வாயால் குடிக்கிற கரைசல் காலராவில் வேலை செய்யும்னு டாக்காவிலும் கொல்கத்தாவிலும் ஏற்கெனவே ஆராய்ச்சி நடந்திருந்தது. ஆனா அது ஆஸ்பத்திரிக்குள்ளே, டாக்டர் பக்கத்தில் நின்னு அளந்து குடுத்தது. இவர் துணிஞ்சு இறங்கினார். உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு மூணையும் எடை போட்டுப் பைகளில் அடைச்சு எடுத்துட்டு வந்து, டிரம்மில் கரைச்சு, குழாய் வச்சு, கூட வந்த சொந்தக்காரங்க கையிலேயே டம்ளரைக் குடுத்து ஊட்டச் சொன்னார். முகாமில் காலரா வந்தவங்களில் சுமார் 30 சதவீதம் பேர் செத்துக்கிட்டு இருந்த இடத்தில், அவர் பார்த்த நோயாளிகளில் அது 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இது இருக்கலாம்னு 1978ல் லான்செட் இதழ் எழுதியது. மஹலனாபிஸ் 2022 அக்டோபரில் காலமானார். அதுக்கப்புறம்தான் நம்ம அரசாங்கம் பத்ம விபூஷண் குடுத்தது. என்ன சொல்றது.

எனக்கு அவரைவிடவும் பிடிச்ச ஒரு கதை அதுக்கப்புறம் வங்கதேச கிராமங்களில் நடந்தது. 1980களில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண் பணியாளர்கள் வீடு வீடாப் போனாங்க. பாக்கெட் குடுக்கப் போகலை. மூணு விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணி, இதை எப்படிக் கலக்கிறதுனு அந்தந்த வீட்டுப் பாத்திரத்திலேயே அம்மாவைச் செய்யச் சொல்லிக் காட்டித் தந்தாங்க. சொல்லித் தந்தவங்களுக்குச் சம்பளம் எப்படி தெரியுமா? பிறகு இன்னொருத்தர் போய் அந்த அம்மாகிட்ட கேட்பார். அம்மாவுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கோ, அந்த அளவுக்குத்தான் காசு. அம்மாவுக்குத் தெரியலைன்னா அது சொல்லித் தந்தவரோட தப்பு. ஹவுஸ் சர்ஜனா இருந்தப்போ இந்தக் கணக்குப்படி எனக்குச் சம்பளம் குடுத்திருந்தா ஒரு ரூபாய்கூட வந்திருக்காது.

சரி, இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

பாக்கெட்டை வாங்கின உடனே திருப்பிப் பாருங்க. கடையில் ரெண்டு சைஸ் உண்டு. பெருசு 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. எதுன்னு அதில் போட்டிருக்கும். புரியலைன்னா மெடிக்கல் கடைக்காரர்கிட்டயே கேளுங்க. பெரிய பாக்கெட்னா, காய்ச்சி ஆற வச்ச தண்ணி ஒரு லிட்டர் அளந்து ஊத்தி, முழு பாக்கெட்டையும் ஒரே தடவையில் போட்டுக் கலக்குங்க. பாதித் தூளை மடிச்சு வைக்கிறது வேண்டாம், உள்ளே உப்பும் குளுக்கோஸும் சமமாக் கலந்திருக்கும்னு சொல்ல முடியாது. பால், ஜூஸ், சர்க்கரை எதுவும் சேர்க்காதீங்க. கலந்த பிறகு காய்ச்சாதீங்க. 24 மணி நேரம் ஆச்சுன்னா மிச்சத்தைக் கொட்டிட்டுப் புதுசா கலக்குங்க. குழந்தைக்குக் குடுக்கிறதுக்கு முன்னாடி நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. கண்ணீரை விட உப்புக் கரிச்சா எங்கேயோ தப்பு.

ஒவ்வொரு தடவை தண்ணியாப் போன பிறகும், ரெண்டு வயசுக்குக் கீழே 50ல் இருந்து 100 மில்லி, அதுக்கு மேலே 100ல் இருந்து 200 மில்லி. சின்னக் குழந்தைக்கு ஸ்பூனால், ஒரு நிமிஷம் ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். மடமடன்னு குடுத்தா வாந்தி வரும். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டுட்டு இன்னும் மெதுவாக் குடுங்க. "குடுத்தா வாந்தி எடுக்குது சார், அதான் நிறுத்திட்டோம்"ங்கிறதுதான் நான் அதிகம் கேட்கிற வாக்கியம். நிறுத்தாதீங்க. அவசரத்துக்குப் பாக்கெட் இல்லைன்னா ஒரு லிட்டர் தண்ணியில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கூட்டிக் குறைக்க வேண்டாம்.

இன்னொண்ணு. ஓஆர்எஸ் பேதியை நிறுத்தாது. அதோட வேலை அது இல்லை. போன தண்ணியையும் உப்பையும் திருப்பிப் போடுறதுதான் அதன் வேலை. "ரெண்டு நாளா குடுக்கிறோம், நிக்கவே இல்லை"ன்னு கடையில் போய் பேதி நிக்கிற மாத்திரை வாங்கிக் குடுத்துடாதீங்க. பெரியவங்க போடுற அந்த மாத்திரை குழந்தைக்குக் குடலையே அசையவிடாம நிறுத்திடும், வயிறு உப்பிக்கிட்டு ஐசியூவுக்குத்தான் வரணும். ஆன்டிபயாட்டிக்கும் பெரும்பாலான குழந்தைகளுக்குத் தேவைப்படாது. மலத்தில் ரத்தம் போனா அது வேற கதை, டாக்டர் முடிவு பண்ணுவார்.

நாளைக் குறைக்கிறது எதுன்னா துத்தநாகம், அதாங்க ஜிங்க். ரெண்டு மாசத்தில் இருந்து ஆறு மாசம் வரை 10 மில்லிகிராம், ஆறு மாசத்துக்கு மேல் 20 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, 14 நாள். மாத்திரையை ஒரு ஸ்பூன் தண்ணியிலோ தாய்ப்பாலிலோ கரைச்சுக் குடுக்கலாம். மூணாவது நாள் பேதி நின்ன உடனே மாத்திரையை ஓரமா வச்சிடுறாங்க. 14 நாளும் குடுத்தாத்தான் அடுத்த சில மாசத்துக்குத் திரும்ப வர்ற வாய்ப்பு குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓஆர்எஸ்ஸும் ஜிங்கும் இலவசம். கிராம சுகாதார செவிலியர்கிட்ட கேளுங்க.

தாய்ப்பாலை எக்காரணம் கொண்டும் நிறுத்தாதீங்க. சாப்பிடுற குழந்தைக்கு இட்லி, ரசஞ்சாதம், தயிர்சாதம், வாழைப்பழம் எல்லாம் குடுங்க. வயித்தைக் காயப் போடுறது குழந்தைக்கு இல்லை. உப்புப் போட்ட மோர், கஞ்சித் தண்ணி, இளநீர் தாராளமா. "சீர் தட்டிருச்சு", "பல்லு முளைக்குது"ன்னு பெரியவங்க சொன்னா சண்டை போட வேண்டாம், ஓஆர்எஸ்ஸைக் குடுத்துக்கிட்டே கேட்டுக்கோங்க. ஆனா தொக்கம் எடுக்க மட்டும் தூக்கிட்டுப் போகாதீங்க. அங்க போற அரை நாளில் குழந்தைக்கு எவ்வளவு தண்ணி வத்தும்னு நான் பார்த்திருக்கேன்.

அட்டை டப்பாவில் ஸ்ட்ராவோட விக்கிற பானங்களைப் பத்தியும் சொல்லணும். ஆப்பிள் சுவை, ஆரஞ்சு சுவை. இத்தனை வருஷமா அதில் பல டப்பாக்கள் மேல ஓஆர்எஸ்னு எழுத்து இருந்தது, உள்ளே சர்க்கரை பல மடங்கு. சர்க்கரை அதிகமானா கதவு திறக்கிறதுக்குப் பதில், தண்ணியைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் வருஷக் கணக்கா இதை எதிர்த்து நின்னாங்க. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரியான ஃபார்முலா இல்லாத பானங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்ற வார்த்தையே வரக்கூடாதுனு உத்தரவு போட்டது. பெயரை மாத்தி விப்பாங்க. நீங்க தூள் பாக்கெட்டாவே கேட்டு வாங்குங்க.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து பத்தி ஒரே ஒரு பாரா. குழந்தைகளுக்கு வர்ற மோசமான பேதிக்குப் பெரிய காரணம் இந்த வைரஸ். டெல்லி எய்ம்ஸில் 1980களில் பிறந்த குழந்தைகளிடம் கண்டெடுத்த ஒரு சாதுவான ரோட்டா வைரஸில் இருந்துதான் நம்ம நாட்டுச் சொட்டு மருந்து வந்தது. பரிசோதனை நடந்த மூணு ஊர்களில் நம்ம வேலூரும் ஒண்ணு. 2016ல் இந்தியாவில் அரசு அட்டவணைக்கு வந்து, 2017ல் தமிழ்நாட்டுக்கும் வந்தது. ஆறு, பத்து, பதினாலு வாரத்தில் போடுற தடுப்பூசிகளோட சேர்த்து வாய்வழியாக் குடுப்பாங்க. இலவசம். தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்க, விட்டிருந்தா கேளுங்க.

எப்போ ஆஸ்பத்திரிக்கு ஓடணும்? குழந்தை துவண்டு கிடந்தா, எழுப்பினா கண்ணைத் திறக்கலைன்னா, அழுதா கண்ணீர் வரலைன்னா, கண்ணோ உச்சிக்குழியோ உள்ளே போயிருந்தா, ஆறேழு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலைன்னா, குடிக்கவே மறுத்தா, குடிச்சது எல்லாத்தையும் வாந்தி எடுத்தா, மலத்தில் ரத்தம் இருந்தா, வலிப்பு வந்தா. ரெண்டு மாசத்துக்குக் கீழே உள்ள குழந்தைன்னா இதெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்க வேண்டாம், உடனே கிளம்புங்க. போற வழியிலும் ஸ்பூனால் குடுத்துக்கிட்டே போங்க, குடிக்கிற தெம்பு இருந்தா மட்டும்.

என் மேஜை மேல இப்போ ஒரு காலி லிட்டர் தண்ணி பாட்டில் எப்பவும் இருக்கும். பாக்கெட்டைக் கையில குடுத்து, பாட்டிலைக் காட்டி, "எப்படிக் கலப்பீங்க, நீங்க எனக்குச் சொல்லுங்க"ன்னு கேட்பேன். வெளியே காத்திருக்கிறவங்க முணுமுணுப்பாங்க. பரவாயில்லை.

போன வாரம் பேரனைத் தூக்கிட்டு ஒரு அப்பத்தா வந்தாங்க. பாட்டிலைக் காட்டினேன். "எங்க வீட்டுல இந்த பாட்டில் எல்லாம் இல்ல தம்பி. அரை லிட்டர் சொம்பு இருக்கு, ரெண்டு சொம்பு ஊத்துறேன்" என்றாங்க. சரியான கணக்கு. இருந்தாலும் ஏதோ தோணி, "நாளைக்கு வரும்போது அந்தச் சொம்பைக் கொண்டு வாங்க அப்பத்தா"ன்னு சொன்னேன். கொண்டு வந்தாங்க. நர்ஸ் அளவு ஜாரில் ஊத்திப் பார்த்தா 650 மில்லி பிடிச்சது. அப்பத்தாவுக்கு நம்பிக்கை வரலை, இன்னொரு தடவை ஊத்தச் சொன்னாங்க. அதே 650. முப்பது வருஷமா அதில்தான் பால் வாங்குறாங்களாம். "அப்ப பால்காரனுக்குத்தான் நட்டம்"னு ஒரே சிரிப்பு.

500 மில்லி வர்ற இடத்தில் சொம்புக்கு உள்பக்கம் ஆணியால் ஒரு கோடு கீறிக் குடுத்து அனுப்பினேன்.